எலிப் பெருவிழுங்கிகளை இனங்காணும் உடனொளிர் பிறபொருளெதிரிகள்

உடனொளிர் பிறபொருளெதிரி என்பது ஒளிரும் சாயமொன்று வேதிமுறையில் பிணைக்கப்பட்ட பிறபொருளெதிரி ஆகும். குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டுமே தேடிப் பற்றும் பிறபொருளெதிரியின் இயல்பும், ஒரு நிற ஒளியை உறிஞ்சி வேறு நிற ஒளியை உமிழும் சாயத்தின் இயல்பும் இதில் ஒன்றுசேர்கின்றன. உயிரணுக்கள் கலந்து கிடக்கும் திசுவிலோ குருதியிலோ எது எந்த வகை உயிரணு என்று பிரித்தறிய இது பயன்படுகிறது. ஆய்வக எலிகளின் உடலில் உள்ள பெருவிழுங்கிகளை (மேக்ரோஃபேஜ்) இனங்காண்பது இதன் முதன்மையான பயன்களுள் ஒன்று. அழற்சி, சிறுநீரக நோய், நீரிழிவு, மூளைக் காயம், மருந்துகளின் நச்சுத்தன்மை ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளில் இது தேவைப்படுகிறது.

எலி ஆய்வுக்காக உருவான பிறபொருளெதிரி ஒன்று, பின்னாளில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையில் எச்.ஐ.வி. தொற்றுடையோருக்கு எப்போது மருந்து தொடங்குவது என்பதை முடிவுசெய்த சி.டி.4 எண்ணிக்கைக்கு முன்னோடியாக அமைந்தது. அது இக்கட்டுரையில் பின்னர் விளக்கப்படுகிறது.

பெயர்களில் நேரும் குழப்பம்

தமிழில் எலி, சுண்டெலி என இரு சொற்கள் இருந்தும் பாடநூல்களும் நாளிதழ்களும் பெரும்பாலும் இரண்டையும் எலி என்றே எழுதிவிடுகின்றன. ஆய்வகத்தில் இவை வெவ்வேறு விலங்குகள். ஆய்வக எலி என்பது பழுப்பு எலியிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டது. 200 முதல் 500 கிராம் வரை எடை கொண்டது. விஸ்டார், ஸ்ப்ரேக்-டாலி ஆகியன பரவலாகப் பயன்படும் வகைகள். வெள்ளை நிறத்தால் இவற்றை வெள்ளெலி என்றும் அழைப்பர். ஆனால் அப்பெயர் வேறு விலங்குகளுக்கும் வழங்குவதால் இக்கட்டுரையில் தவிர்க்கப்படுகிறது. சுண்டெலி 20 முதல் 40 கிராம் எடையுள்ள வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது. இரண்டின் மேற்பரப்புப் புரதங்களும் ஓரளவே ஒத்திருப்பதால், ஒன்றுக்காகச் செய்த பிறபொருளெதிரி மற்றொன்றில் வேலை செய்யும் என்று கொள்ள முடியாது.

இரண்டாவது குழப்பம் திசை பற்றியது. 'எலி எதிர்ப்பு' என்று எழுதினால், எலியின் புரதத்தை எதிர்ப்பதா, எலியின் உடலில் உண்டானதா என்பது தெளிவாகாது. எடுத்துக்காட்டாக, 1981இல் ஆஸ்டினும் கார்டனும் அறிவித்த எஃப் 4/80 என்பது பெருவிழுங்கி ஆய்வில் மிகப் புகழ்பெற்ற பிறபொருளெதிரி. அது எலியின் உடலில் உண்டாக்கப்பட்டது; ஆனால் இனங்காண்பது சுண்டெலியின் பெருவிழுங்கிகளை. குப்பியின் மேல் எலி என்று எழுதியிருப்பதைக் கண்டு அதை எலித் திசுவில் பயன்படுத்தினால் இரட்டைத் தவறு நேரும். எஃப் 4/80 தன் இலக்கைப் பற்றாது. அதைக் காட்டுவதற்காகச் சேர்க்கும் இரண்டாம் பிறபொருளெதிரியோ, எலித் திசுவில் இயல்பாகவே உள்ள எலி இம்யூனோகுளோபுலின்கள் அனைத்தையும் பற்றிக்கொள்ளும். நுண்ணோக்கியின் கீழ் திசு முழுவதும் பச்சையாக மின்னும். அனுபவமில்லாத கண்ணுக்கு அது நல்ல விடையாகத் தோன்றுவதுதான் இதன் ஆபத்து. ஆகவே 'சுண்டெலியில் உண்டானது, எலியின் சி.டி.68ஐப் பற்றுவது' என்று இரு பக்கத்தையும் விரித்து எழுதுவதே நல்ல வழக்கம்.

பெருவிழுங்கி

உருசிய உயிரியலாளர் இலியா மெச்னிகோவ் 1882இல் சிசிலித் தீவின் மெசினாவில், நட்சத்திரமீனின் ஒளிபுகும் இளவுயிரியில் முள்ளைக் குத்தி, அசையும் உயிரணுக்கள் அதைச் சூழ்வதைக் கண்டார். விழுங்கணுக்கள் பற்றிய கோட்பாடு இதிலிருந்து வளர்ந்தது. 1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அவர் பவுல் எர்லிக்குடன் பகிர்ந்துகொண்டார்.

பெருவிழுங்கிகள் ஏறத்தாழ எல்லா உறுப்புகளிலும் உள்ளன. கல்லீரலில் குப்ஃபர் உயிரணு என்றும், மூளையில் மைக்ரோகிளியா என்றும், எலும்பில் எலும்புடைப்பணு என்றும் இவற்றுக்கும் இவற்றின் உறவினங்களுக்கும் இடத்துக்கேற்ப வேறு பெயர்கள் உண்டு. கிருமிகளை விழுங்கிக் கொல்வது இவற்றின் தொழில். காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் தம்மை விழுங்கிய பெருவிழுங்கிக்குள்ளேயே உயிர்வாழ வல்லவை. காசநோய்க்கெனத் தாம்பரத்திலும் தொழுநோய்க்கெனச் செங்கற்பட்டை அடுத்த திருமணியிலும் நூறாண்டுகளாக மருத்துவமனைகள் இருந்துவரும் தென்சென்னைப் பகுதிக்கு இந்த உயிரணு அந்நியமானதன்று.

வழக்கமான ஹெமடாக்சிலின்-இயோசின் சாயத்தில் பெருவிழுங்கியை உறுதியாக அடையாளம் காண்பது கடினம். நுரையீரல் காற்றறைகளில் அது தெளிவாகத் தெரியும். ஆனால் அழற்சியுற்ற சிறுநீரகத்திலோ தசையிலோ நிணவணு, நாரரும்பணு ஆகியவற்றிடையே கலந்துவிடும். 'அழற்சி உயிரணுக்கள் ஊடுருவியுள்ளன' என்று பல ஆய்வேடுகள் பொதுப்படக் கூறி நிறுத்திக்கொள்வது இதனால்தான். எந்த உயிரணு, எத்தனை என்ற கேள்விக்கு விடை கூறவே பிறபொருளெதிரி தேவைப்படுகிறது.

ஒளிரச் செய்யும் முறையின் வரலாறு

அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஆல்பர்ட் கூன்ஸ், பிறபொருளெதிரியின்மீது கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்றை ஒட்டினால் அது செல்லுமிடத்தைக் காணலாம் என்று எண்ணினார். 1941இல் அவரும் உடன் பணியாற்றியோரும் நிமோனியாக் கிருமிக்கு எதிரான பிறபொருளெதிரியில் ஆந்திரசீன் வழிப்பொருளைப் பிணைத்தனர். அது நீல நிறத்தில் ஒளிர்ந்தது. ஆனால் விலங்குத் திசுக்களும் தாமாகவே நீலத்தில் ஒளிர்வதால் வேறுபாடு தெரியவில்லை. எனவே 1942இல் ஃப்ளூரசீன் என்னும் பச்சைச் சாயத்துக்கு மாறினர். அக்காலத்தில் பயன்பட்ட ஐசோசயனேட்டு வடிவம் நிலையற்றது. அதைத் தயாரிக்க நச்சு வளிமம் வேண்டியிருந்தது. 1958இல் ரிக்ஸ் குழுவினர் ஐசோதயோசயனேட்டு வடிவத்தை (எஃப்.ஐ.டி.சி.) உருவாக்கிய பின்னரே இம்முறை எல்லா ஆய்வகங்களுக்கும் பரவியது. எஃப்.ஐ.டி.சி. ஏறத்தாழ 495 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சி 520 நானோமீட்டர் அளவில் பச்சை ஒளியை உமிழ்கிறது.

எஞ்சியிருந்த குறை பிறபொருளெதிரியிலேயே இருந்தது. முயலின் குருதித் தெளிநீரிலிருந்து பெறப்படுவது பல்வகைப் பிறபொருளெதிரிகளின் கலவை. ஒரு முயல் தருவதை மற்றொரு முயல் தராது. 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகைப் பிறபொருளெதிரியைக் காலவரையின்றிச் சுரக்கும் கலப்புயிரணுக்களை உண்டாக்கினர். இதன்வழிப் பெறப்படுவன ஓரினப் பிறபொருளெதிரிகள் எனப்படுகின்றன. இக்கட்டுரையில் இனி வருவன பெரும்பாலும் இவ்வகையினவே.

எலிக்கான பிறபொருளெதிரிகள்

1985இல் ஆம்ஸ்டர்டாமின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டீன் டைக்ஸ்ட்ராவும் உடன் பணியாற்றியோரும் எலிப் பெருவிழுங்கிகளைப் பற்றும் மூன்று ஓரினப் பிறபொருளெதிரிகளை விவரித்தனர். இவை இ.டி.1, இ.டி.2, இ.டி.3 எனப் பெயர் பெற்றன. மூன்றும் சுண்டெலியில் உண்டாக்கப்பட்டவை. பெருவிழுங்கிகள் ஒரே வகையின அல்ல, இடத்துக்கும் வயதுக்கும் ஏற்ப மாறுபவை என்பதை எலியில் தெளிவாகக் காட்டிய பணி இது.

இ.டி.1 மூன்றில் பரவலானது. இது பற்றும் புரதம் மனிதரின் சி.டி.68க்கு இணையானது என்று பின்னர் அறியப்பட்டது. ஒற்றையணுக்கள், திசுப் பெருவிழுங்கிகள் ஆகியவற்றுள் பெரும்பாலானவற்றை இது காட்டுகிறது. இப்புரதம் முதன்மையாக உயிரணுவுக்குள் இருக்கும் லைசோசோம்களின் படலத்தில் உள்ளது; புறப்பரப்பில் மிகக் குறைவு. எனவே உயிருள்ள உயிரணுவின்மேல் இ.டி.1ஐ ஊற்றினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. முதலில் பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, பின் சப்போனின் போன்ற பொருளால் படலத்தில் துளையிட்ட பிறகே சேர்க்கவேண்டும். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரை தருவது இந்த சப்போனின் வகைப் பொருள்தான்.

லைசோசோம் சார்ந்திருப்பதால் இ.டி.1க்கு இன்னொரு பயனும் உண்டு. விழுங்கும் தொழில் மிகும்போது லைசோசோம்களும் மிகும். ஓய்வு நிலையிலுள்ள மைக்ரோகிளியா இ.டி.1ஐ மிகக் குறைவாகவே காட்டுகிறது. மூளை காயமுற்றாலோ குருதியோட்டம் தடைப்பட்டாலோ அதே உயிரணு பளிச்சென ஒளிர்கிறது. ஆக, எலி மூளையில் இ.டி.1 காட்டுவது உயிரணுவின் வகையை மட்டுமன்று, அதன் கிளர்ச்சி நிலையையும் ஆகும். இதைக் கருதாமல் 'பெருவிழுங்கிகளின் எண்ணிக்கை கூடியது' என்று எழுதுவது பிழையாகலாம். ஏற்கனவே இருந்தவை விழித்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

இ.டி.2 பற்றுவது சி.டி.163 என்னும் புறப்பரப்புப் புரதத்தை. சிதைந்த செங்குருதியணுக்களிலிருந்து வெளிப்படும் ஈமோகுளோபின், ஹாப்டோகுளோபினுடன் கூடி நிற்கையில் அதை உள்ளிழுப்பது இப்புரதத்தின் வேலை. திசுக்களில் நிலையாகக் குடியிருக்கும் பெருவிழுங்கிகளை, சிறப்பாக மண்ணீரலின் செங்கூழில் உள்ளவற்றையும் குப்ஃபர் உயிரணுக்களையும் இது காட்டுகிறது. குருதியிலிருந்து புதிதாக வந்த ஒற்றையணுக்களைக் காட்டுவதில்லை. எனவே இ.டி.1ஐ ஒரு நிறத்திலும் இ.டி.2ஐ வேறொரு நிறத்திலும் இட்டுப் பார்த்தால் குடியிருப்போரையும் புதிதாக வந்தோரையும் ஓரளவு பிரித்தறியலாம். இ.டி.3 பற்றும் சி.டி.169, மண்ணீரலின் விளிம்புப் பகுதியிலும் நிணநீர்க் கணுக்களிலும் உள்ள சில பெருவிழுங்கிகளுக்கே உரியது. பிற உறுப்புகளில் பயன் குறைவு.

ஆக்ஸ்போர்டில் உருவான ஓ.எக்ஸ் வரிசையில் ஓ.எக்ஸ்-42 குறிப்பிடத்தக்கது. இது சி.டி.11பி, சி.டி.11சி ஆகிய இரண்டையும் பற்றுகிறது. புறப்பரப்பில் இருப்பதால் துளையிடத் தேவையில்லை. ஆனால் நடுவமைநாடி வெள்ளணுக்களிலும் கிளையணுக்களிலும் இப்புரதம் உண்டு, ஓ.எக்ஸ்-42 மட்டும் கொண்டு பெருவிழுங்கி என்று முடிவு கட்டக்கூடாது. குருதியிலுள்ள எலி ஒற்றையணுக்களைப் பிரிக்க, சி.டி.43, ஹெச்.ஐ.எஸ்.48 ஆகிய இரண்டின் அளவையும் ஒருசேரப் பார்ப்பது இப்போதைய வழக்கம்.

சுருங்கச் சொன்னால், எலிப் பெருவிழுங்கி அனைத்தையும், அதனை மட்டுமே காட்டும் தனியொரு பிறபொருளெதிரி கிடையாது. இரண்டு அல்லது மூன்றைச் சேர்த்தே பயன்படுத்த வேண்டியுள்ளது.

எலியிலிருந்து தாம்பரம் வரை: சி.டி.4

1977இல் ஆக்ஸ்போர்டின் ஆலன் வில்லியம்ஸ், கேம்பிரிட்ஜின் கால்ஃப்ரே, மில்ஸ்டைன் ஆகியோர் எலியின் நிணவணுக்களைப் பிரித்தறியும் ஓரினப் பிறபொருளெதிரிகளை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றின் பெயர் டபிள்யூ 3/25. எலியின் டி-நிணவணுக்களில் ஒரு பகுதியை மட்டுமே இது பற்றியது. அப்பகுதிதான் பிற உயிரணுக்களுக்கு உதவும் டி-அணுக்கள் என்று அடுத்த ஆண்டே காட்டப்பட்டது. மனிதரின் இணையான புரதத்தைப் பற்றும் ஓ.கே.டி.4, 1979இல் வந்தது. அப்புரதமே இன்று சி.டி.4 எனப்படுவது. மனிதருக்கு முன்பே எலியில் அது கண்டறியப்பட்டது என்பது பலரும் அறியாத செய்தி.

டபிள்யூ 3/25 நிணவணுக்களோடு நிற்கவில்லை. எலியின் வயிற்றறையிலிருந்து எடுத்த பெருவிழுங்கிகளும் அதனால் ஒளிர்ந்தன. பெருவிழுங்கி எப்பிறபொருளெதிரியையும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையதாதலால் இது மெய்யா பொய்யா என்ற ஐயம் எழுந்தது. பெருவிழுங்கியில் இருப்பதும் மெய்யான சி.டி.4 புரதமே என்று 1985இல் வில்லியம்ஸ் குழுவினர் நிறுவினர். சுண்டெலியின் பெருவிழுங்கிகளில் சி.டி.4 பொதுவாகக் காணப்படுவதில்லை. எலியிலும் மனிதரிலும் உண்டு. இது வெறும் விலங்கியல் நுணுக்கம் அன்று. எச்.ஐ.வி. நுண்ணுயிர் உயிரணுவுக்குள் நுழையும் வாயில் சி.டி.4 என்பது 1984இல் தெரியவந்திருந்தது. டி-அணுக்கள் மட்டுமன்றிப் பெருவிழுங்கிகளும் ஏன் அந்நோயில் தொற்றுக்குள்ளாகின்றன என்பதற்கு இதில் ஒரு விடை கிடைத்தது.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டது. தாம்பரம் சானடோரியம் என்று மக்கள் வழங்கும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, மருத்துவர் சௌரி முத்துவால் 1928இல் காசநோயாளருக்கென நிறுவப்பட்டு 1937இல் அரசின் வசம் வந்தது. எச்.ஐ.வி. தொற்றுடையோரை வேறு மருத்துவமனைகள் ஏற்கத் தயங்கிய 1990களில் இம்மருத்துவமனை அவர்களை அனுமதித்தது. காசநோயே அவர்களைப் பெரிதும் தாக்கியதால் இது இயல்பான தொடர்ச்சியும் ஆகும். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் இங்கு வந்தனர். 2004 ஏப்ரல் 1 அன்று நடுவண் அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் தெரிவான அரசு மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று.

அப்போது மருந்து எல்லோருக்கும் தரப்படவில்லை. நோய் முற்றியவர்களுக்கும், குருதியில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 200க்கும் குறைவான சி.டி.4 அணுக்கள் உள்ளவர்களுக்குமே தொடங்கப்பட்டது. அந்த எண்ணைத் தருவது பாய்வு உயிரணுமானி (ஃப்ளோ சைட்டோமீட்டர்) என்னும் கருவி. ஒளிர் பிறபொருளெதிரி சேர்த்த குருதியை நூலிழை போன்ற நீரோட்டத்தில் விட்டு, ஒவ்வோர் உயிரணுவும் லேசர் ஒளியைக் கடக்கையில் அது உமிழும் நிறத்தை அளந்து எண்ணுகிறது.

இங்குதான் பெருவிழுங்கி பற்றிய எலிப் பாடம் நேராகப் பொருந்துகிறது. பெருவிழுங்கியாக மாறவிருக்கும் ஒற்றையணுக்கள் மனிதக் குருதியில் மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 200 முதல் 800 வரை உள்ளன. அவற்றிலும் மங்கலான சி.டி.4 உண்டு. சி.டி.4ஐப் பற்றும் பிறபொருளெதிரி ஒன்றை மட்டும் சேர்த்து ஒளிர்வதையெல்லாம் எண்ணினால் ஒற்றையணுக்களும் கணக்கில் புகுந்துவிடும். 150 என்று வரவேண்டிய எண் 300க்கு மேல் போகலாம்; மருந்து பெறவேண்டியவர் பெறாமல் திரும்ப நேரும். இதைத் தவிர்க்க டி-அணுக்களுக்கே உரிய சி.டி.3க்கு வேறு நிறச் சாயம் தாங்கிய பிறபொருளெதிரியையும் சேர்த்து, இரண்டும் ஒளிரும் அணுக்களை மட்டும் எண்ணுவர். அல்லது ஒளிர்வின் செறிவையும் ஒளிச்சிதறலையும் கொண்டு ஒற்றையணுக்களை விலக்குவர்.

கருவியும் வினைப்பொருள்களும் விலையுயர்ந்தவையாக இருந்ததால் மாற்று வழிகளும் தேடப்பட்டன. தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்தில் இயங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பின் ஆய்வாளர்கள், பாய்வு உயிரணுமானி இன்றி நுண்ணோக்கியில் கையால் சி.டி.4 அணுக்களை எண்ணும் மலிவான முறையைச் சோதித்து 2004இல் வெளியிட்டனர். பிறபொருளெதிரி பூசிய மிகச்சிறு மணிகள் சி.டி.4 அணுக்களில் ஒட்டிக்கொள்ள, மணி ஒட்டிய அணுக்களை எண்ணுவது இதன் அடிப்படை. ஒற்றையணுக்களின் தொல்லை இம்முறையிலும் உண்டு; அவற்றை முன்கூட்டியே அடையாளப்படுத்தி ஒதுக்கவேண்டும்.

மருந்து தொடங்கும் வரம்பு பின்னர் படிப்படியாக உயர்த்தப்பட்டது. 2017 முதல் இந்தியாவில் சி.டி.4 எண் எதுவாயினும் தொற்று உறுதியான அனைவருக்கும் மருந்து தரப்படுகிறது. இன்று அவ்வெண், உடன் வரக்கூடிய பிற தொற்றுகளின் ஆபத்தை மதிப்பிடவே பெரிதும் உதவுகிறது.

ஆய்வகத்தில் நேரும் இடர்கள்

ஒளிர்வதெல்லாம் இலக்கு அன்று. பெருவிழுங்கியைப் பொறுத்தவரை இது இருமடங்கு உண்மை. பிறபொருளெதிரியின் வால்பகுதியைப் பற்றும் எஃப்.சி. ஏற்பிகள் பெருவிழுங்கியின் மேற்பரப்பில் நிறைய உள்ளன. கிருமியைப் போர்த்தியிருக்கும் பிறபொருளெதிரியைப் பிடித்துக் கிருமியை விழுங்குவதற்காக அமைந்தவை அவை. ஆய்வாளர் சேர்க்கும் பிறபொருளெதிரியையும் அவை அவ்வாறே, இலக்கு எதுவென்று பாராமல், பிடித்துக்கொள்ளும். எனவே எலியின் சி.டி.32 ஏற்பியை மறைக்கும் பிறபொருளெதிரியை முதலில் சேர்த்து அந்தக் கைகளைக் கட்டிவிடுவர். திசுச் சீவல்களில் ஆட்டுத் தெளிநீர் போன்றவற்றால் 'நிரப்பி' வைப்பதும் உண்டு. எலியில் எதையும் பற்றாத, ஆனால் அதே வகையைச் சேர்ந்த பிறபொருளெதிரியைத் தனியே இட்டு ஒப்பிடுவதும் கட்டாயம்.

அடுத்தது இரண்டாம் பிறபொருளெதிரியின் குறுக்குப் பிணைப்பு. இ.டி.1 சுண்டெலியில் உண்டானது. அதைக் காட்ட, சுண்டெலி இம்யூனோகுளோபுலினைப் பற்றும் ஒளிர் பிறபொருளெதிரி சேர்க்கப்படுகிறது. சுண்டெலி இம்யூனோகுளோபுலினும் எலி இம்யூனோகுளோபுலினும் நெருங்கிய உறவுடையன. எனவே எலிப் புரதத்தோடு கலந்து குறுக்குப் பிணைப்பு நீக்கப்பெற்ற வகையையே வாங்கவேண்டும். விலைப்பட்டியலில் சிறிய எழுத்தில் இருக்கும் இந்த ஒரு வரியைப் பார்க்காமல் விடுவதால் வீணாகும் மாதங்கள் பல.

மூன்றாவது, உயிரணுவின் சொந்த ஒளி. நுரையீரல் பெருவிழுங்கிகளும் வயது முதிர்ந்த எலியின் திசுக்களும் லிப்போஃபியூசின் போன்ற பொருள்களால் தாமாகவே பச்சை, மஞ்சள் நிறங்களில் ஒளிர்கின்றன. கூன்ஸ் நீலத்தைக் கைவிட நேர்ந்த அதே சிக்கல் இது. சாயமே சேர்க்காத ஒரு மாதிரியை எப்போதும் உடன் வைத்துப் பார்க்கவேண்டும். சிவப்புக்கு அப்பாற்பட்ட நிறமுடைய சாயங்களைத் தெரிவதும், சீவல்களுக்குச் சூடான் கறுப்புச் சாயம் இடுவதும் தீர்வுகளாகக் கொள்ளப்படுகின்றன.

சாயங்கள் ஒளியில் மங்குவன. எஃப்.ஐ.டி.சி. அமிலத்தன்மையிலும் ஒளியிழக்கும். பி.இ. எனப்படும் ஃபைக்கோஎரித்ரின், ஏ.பி.சி. ஆகியன பாசிகளிலிருந்து பெறப்படும் பெரிய புரதங்கள். உறையவைத்தால் சிதையும், 4 பாகை செல்சியசில் இருளில் வைக்கவேண்டும். கோடையில் 40 பாகையை எட்டும் சென்னையில் இவை பனிக்கட்டியோடு வந்து சேர்வதும், மின்தடையின்போது குளிர்பெட்டி குளிர்ச்சி இழக்காமல் இருப்பதும் சிறிய செய்திகள் அல்ல.

காசநோய்க் கிருமியைச் சளியில் காண உதவும் ஆரமைன் சாயத்தையும் இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. ஆரமைன் கிருமியின் மெழுகுத்தன்மையுள்ள சுவரில் படியும் சாயம் மட்டுமே. அதில் பிறபொருளெதிரி ஏதுமில்லை. நுண்ணோக்கி ஒத்ததாக இருக்கலாம், தத்துவம் வேறு.

தென்சென்னைப் பகுதியில் எலி ஆய்வு

தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் உள்ளது. உயிர்வேதியியல், உடலியங்கியல், நோயியல் உள்ளிட்ட துறைகளில் எலிகளைக் கொண்ட ஆய்வேடுகள் பல இங்கிருந்து வெளிவந்துள்ளன. கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிறுவனம் 1899இல் தொடங்கப்பட்டது; சென்னை மாகாண சுகாதார ஆணையராக இருந்த கிங் என்பாரின் பெயர் தாங்கியது. தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறந்துவைக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் பட்டமேற்படிப்பு ஆய்வேடுகளிலும், சித்த மருந்துகளின் நச்சுத்தன்மையை விஸ்டார் எலிகளில் சோதிப்பது இடம்பெறுகிறது. கட்டி வீக்கம் குறைந்ததா என்று அளவுகோலால் பார்ப்பதைக் கடந்து, எவ்வகைப் பெருவிழுங்கி கூடியது, எது குறைந்தது என்று காட்டினால் அம்மருந்துகள் பற்றிய கூற்றுக்கு வலு மிகும்.

திருமணியில் 1924இல் தோன்றிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை 1955இல் நடுவண் அரசு ஏற்று, தொழுநோய்ப் பயிற்சி ஆய்வு நிறுவனமாக்கியது. தொழுநோய்க் கிருமியைச் செயற்கை ஊடகத்தில் வளர்க்க இயலாது. 1960இல் ஷெப்பர்டு கண்ட சுண்டெலிப் பாத முறையே மருந்தெதிர்ப்பை அறிய நெடுங்காலம் பயன்பட்டது. அங்கே வேண்டியது சுண்டெலிக்கான பிறபொருளெதிரி, எலிக்கானது உதவாது.

விலங்குகள் பற்றிய சட்டம்

இவ்வாய்வுகள் அனைத்தும் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. இச்சட்டத்துக்கு வழிவகுத்தவர், மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்த ருக்மிணி தேவி அருண்டேல். திருவான்மியூர் கலாசேத்திராவின் நிறுவனராகவே அவரைப் பெரும்பாலோர் அறிவர். 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையகம் நெடுங்காலம் சென்னையில், பிற்காலத்தில் திருவான்மியூரில், இயங்கி 2018இல் அரியானாவின் பல்லப்கருக்கு மாற்றப்பட்டது.

1998ஆம் ஆண்டு விதிகளின்படி, எலிகளைக் கொண்டு ஆய்வு செய்யும் நிறுவனம் பதிவு பெற்றிருக்கவேண்டும். அதன் விலங்கு நெறிமுறைக் குழு ஒவ்வோர் ஆய்வுத் திட்டத்தையும், அதில் கேட்கப்படும் எலிகளின் எண்ணிக்கைக்கான காரணத்தையும் ஆராய்ந்தே ஒப்புதல் தரும். ரசல், பர்ச் இருவரும் 1959இல் வகுத்த மாற்றல், குறைத்தல், துயர்தணித்தல் என்னும் மூன்று நெறிகளில் குறைத்தலுக்கு உடனொளிர் பிறபொருளெதிரி நேரடியாக உதவுகிறது. ஒரே மண்ணீரலிலிருந்து பிரித்த உயிரணுக்களில் எட்டு, பத்து நிறங்களை ஒருசேர அளக்க முடிவதால், முன்பு ஒவ்வொரு புரதத்துக்கும் தனித்தனிக் குழுவாக எலிகளைப் பயன்படுத்திய ஆய்வுகளை இப்போது குறைந்த எலிகளைக் கொண்டே முடிக்க இயலும். எலிக்கெனச் சாயம் பிணைத்து விற்கப்படும் பிறபொருளெதிரிகள் சுண்டெலிக்குரியவற்றைவிட எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருப்பதே இதற்குள்ள தடை; இதன் காரணமாகவே பல நோய்த்தடுப்பியல் ஆய்வகங்கள் எலியை விட்டுச் சுண்டெலிக்கு மாறியுள்ளன.